அரிசியின் பெயரும் தவிட்டின் கணக்கும்

கோலார் தங்கவயலைச் சுற்றி விளைவது கேழ்வரகு. ஏரித் தண்ணீர் பாயும் தாழ்ந்த நிலங்களில் மட்டும் நெல். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்க வேலையைத் தொடங்கிய பிறகு, வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து லைன் வீடுகளில் குடியேறிய தமிழர்கள் களியும் சோறும் கலந்த சாப்பாட்டுப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். காலம் போகப்போகக் களி ஒதுங்கி, சோறு நிலைத்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. தங்கவயலின் மாரிகுப்பம் நிலையத்தில் விடிவதற்கு முன் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் டப்பாவில் இன்று இருப்பது பெரும்பாலும் வெள்ளை அரிசிதான். சித்திரான்னம், புளிச்சோறு, தக்காளிச் சோறு என்று தாளிப்பு மாறும், அரிசி மாறாது.

இந்த வீடுகளுக்குச் சில ஆண்டுகளாக வேறொரு அரிசியைப் பற்றிய பேச்சும் வந்துகொண்டிருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கமிருந்து மாப்பிள்ளைச் சம்பா, கறுப்புக் கவுனி, காட்டுயானம், பூங்கார், கருடன் சம்பா. கர்நாடகப் பக்கமிருந்து ராஜமுடி, ரத்னசூடி. ரத்தம் ஊறும், எலும்பு உறுதியாகும், நரம்பு பலப்படும் என்று ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பலன் சொல்லப்படுகிறது. கைப்பேசியில் வரும் செய்தியிலும் அதுவே, பையின் மேல் ஒட்டிய தாளிலும் அதுவே. கர்நாடகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 47.8 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது, தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். பாதிப் பேருக்கு ரத்தம் குறைவாக உள்ள இடத்தில் ‘ரத்தம் ஊறும்’ என்ற சொல்லை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அதை நம்பி ஒரு தாய் பல மடங்கு விலை கொடுத்து அரிசி வாங்குகிறாள். அந்த நம்பிக்கையில் எவ்வளவு நிற்கும், எவ்வளவு நிற்காது என்று அளந்து பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

இயற்கை வேளாண்மைக்காக உழைத்த நம்மாழ்வாரும் நெல் ஜெயராமனும் அவர்களோடு நின்ற உழவர்களும் அழியவிருந்த நெல் வகைகளைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். ஜெயராமன் ஒருவரே 170க்கும் மேற்பட்ட வகைகளை மீட்டுக் கொடுத்துவிட்டு 2018இல் மறைந்தார். இவ்வளவு பாடுபட்டுக் காத்த நெல்லுக்குப் பொய்யான புகழ் வேண்டியதில்லை. உள்ளதைச் சொன்னாலே அதற்குப் போதிய மதிப்பு உண்டு.

முதலில் ஒரு மணியைக் கையில் எடுத்துப் பார்ப்போம். மாப்பிள்ளைச் சம்பா நெல்லை உமி மட்டும் நீக்கிப் பார்த்தால் அரிசி செங்காவி நிறத்தில் இருக்கும். நகத்தால் அழுத்திச் சுரண்டினால் அந்தச் சிவப்பு தூளாக உதிரும். உள்ளே எல்லா அரிசியையும் போல வெள்ளைதான். உதிர்ந்தது தவிடு. மணியின் ஒரு முனையில், பக்கவாட்டில், சிறு புள்ளியாக ஒட்டியிருப்பது முளை. தவிடும் முளையும் சேர்ந்தால் அரிசியின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. ஆனால் தயமின் என்ற பி1 வைட்டமினில் பெரும்பகுதி, நியாசினிலும் மக்னீசியத்திலும் பெரும்பகுதி, இரும்பிலும் துத்தநாகத்திலும் நல்ல பங்கு, வைட்டமின் ஈ, எண்ணெய் எல்லாம் அந்த மெல்லிய மேலாடைக்குள்தான். உள்ளே இருப்பது மாவுச்சத்து, கொஞ்சம் புரதம். கவுனியின் கறுப்பும் இந்த மேலாடையிலேயே இருக்கிறது. ஆகவே பாரம்பரிய அரிசியை நன்றாகப் பாலிஷ் போட்டு வெள்ளையாக்கி விற்றால், வாங்குகிறவர் காசு கொடுப்பது பெயருக்குத்தான். தூயமல்லி, சீரகச் சம்பா போன்ற வெள்ளை ரகங்களில் இது அடிக்கடி நடக்கிறது. நிறம் காட்டிக் கொடுக்காததால் எவ்வளவு தவிடு போயிற்று என்று கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணை நாட்டின் பல பகுதிகளிலிருந்து மாதிரி எடுத்து அளந்தது. 100 கிராமுக்குத் தயமின் தவிடு நீக்காத அரிசியில் 0.27 மில்லிகிராம், ஆலையில் தீட்டிய புழுங்கலரிசியில் 0.17, தீட்டிய பச்சரிசியில் 0.05. நியாசின் அதே வரிசையில் 3.4, 2.5, 1.7. மக்னீசியம் தவிடுள்ள அரிசியில் 94, தீட்டிய பச்சரிசியில் 19. இங்கே வித்தியாசம் பெரியது. ஐந்து மடங்கு, இரண்டு மடங்கு என்று பேசலாம். இரும்புக்கு வந்தால் கணக்கு சுருங்கிவிடுகிறது: 1.02, 0.72, 0.65. துத்தநாகம் தவிடுள்ள அரிசியில் 1.68, தீட்டிய பச்சரிசியில் 1.21. சுண்ணாம்புச் சத்து எந்த அரிசியிலும் 11 மில்லிகிராமைத் தாண்டவில்லை. வைட்டமின் சி, டி, பி12 அரிசியில் கிடையாது. வைட்டமின் ஏ தரக்கூடிய கரோட்டின் வெள்ளை அரிசியில் இல்லை. நிற அரிசியில் இருப்பதும் சொற்பம்.

ஒரு பெண் நாளைக்கு 250 கிராம் அரிசி சமைத்துச் சாப்பிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தீட்டிய பச்சரிசியானால் அதில் 1.6 மில்லிகிராம் இரும்பு, தவிட்டரிசியானால் 2.6. அவளுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 29 என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை சொல்கிறது. அரிசியை மாற்றி அவள் பெற்றது கூடுதலாக ஒரே ஒரு மில்லிகிராம். தயமினில் நிலைமை தலைகீழ். பச்சரிசி 0.13 தருகிறது, தவிட்டரிசி 0.68. தேவை 1.4. சமைப்பதில் கொஞ்சம் போனாலும், தவிட்டைப் போக்காமல் சாப்பிட்டால் தேவையில் கணிசமான பங்கு கிடைத்துவிடும். பாரம்பரிய அரிசிக்காக வாதாடுகிறவர்கள் ரத்தத்தைப் பற்றிப் பேசுவதைவிட நரம்பைப் பற்றிப் பேசினால் அவர்கள் பக்கம் உண்மை அதிகம் இருக்கும்.

நரம்புக்கும் அரிசித் தவிட்டுக்கும் உள்ள தொடர்பை உலகம் கண்டுகொண்டதில் தமிழர் சாப்பாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. தங்கவயலுக்கு ஆள் வந்துகொண்டிருந்த அதே காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கும் கப்பல் கப்பலாக ஆள் போனது. அங்கே வெள்ளீயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் பெரிபெரி ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால் வீங்கும், நரம்பு மரத்துப்போகும், நடக்க முடியாமல் போய்க் கடைசியில் இதயம் நின்றுவிடும். இந்த நோய் சீனத் தொழிலாளர்களிடம் மிகுந்திருந்தது. பக்கத்திலேயே வேலை செய்த தமிழர்களிடம் அரிதாக இருந்தது. இரு கூட்டத்தாரும் அரிசிதான் தின்றார்கள். சீனர்கள் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) வந்த, நன்றாகத் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டார்கள். தமிழர்கள் இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி இல்லாமல் சாப்பிட மாட்டோம் என்றிருந்தார்கள். லியோனர்ட் பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து 1907இல் புத்தகமாகவே எழுதினார்.

அதற்குச் சற்று முன்பு கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் ஒரு சோதனை செய்தார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணச் சொல்லி, ஒற்றை எண் வந்தவர்களை ஒரு பக்கத்து வார்டுக்கும், இரட்டை எண் வந்தவர்களை மறுபக்கத்துக்கும் அனுப்பினார். ஒரு பக்கத்துக்குச் சயாம் பச்சரிசி, மறுபக்கத்துக்கு இந்தியப் புழுங்கலரிசி. பச்சரிசி தின்ற 120 பேரில் கால் பங்குக்கு மேல் நோயில் விழுந்தார்கள். 18 பேர் செத்தார்கள். புழுங்கலரிசிப் பக்கம் 123 பேரில் இருவருக்கு மட்டும் நோய் இருந்தது. அதுவும் அவர்கள் உள்ளே வரும்போதே இருந்தது. இறப்பு ஒன்றுகூட இல்லை. இதை இன்று படித்தால் நம் வயிறு கலங்குகிறது. கேட்க ஆளில்லாத மனிதர்களை வைத்துச் செய்த சோதனை அது. ஆனாலும் முடிவு அசைக்க முடியாததாக இருந்தது. 1909இல் ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற ஆய்வாளர்கள் காட்டுக்குள் சாலை போட்ட ஜாவாத் தொழிலாளர்களிடம் அரிசியை மாற்றி மாற்றிக் கொடுத்து அதையே மறுபடி நிறுவினார்கள்.

ஜாவாவில் கோழிகளை வைத்து இந்தப் பாதையை முதலில் திறந்தவர் டச்சு மருத்துவர் எய்க்மன். அதற்காக 1929இல் நோபல் பரிசு பெற்றார். தவிட்டுச் சாற்றில் பெரிபெரியைத் தடுக்கும் அந்தச் சத்தை இனம்கண்டு 1936இல் செயற்கையாக உருவாக்கிக் காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ். அவர் பிறந்தது நம் பக்கத்து நெல்லூரில், ஒரு பாதிரியார் குடும்பத்தில். 1910இல் மணிலாவில் பெரிபெரியால் சாகக் கிடந்த கைக்குழந்தைக்குத் தவிட்டுச் சாற்றைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டி அது பிழைத்ததைக் கண்ணால் பார்த்தவர். பிறகு கால் நூற்றாண்டு அதே பொருளின் பின்னாலேயே போனார். தயமின் என்ற பெயரே அதன் பிறகு வந்ததுதான்.

இந்தியாவிலும் அதே கதைதான். குன்னூரில் 1918இல் பெரிபெரி பற்றிய விசாரணையைத் தொடங்கிய ராபர்ட் மெக்காரிசனும், 1935இல் அங்கே வளர்ந்த ஆய்வுக்கூடத்தின் பொறுப்பை ஏற்ற ஆய்க்ராய்டும் சென்னை மாகாணத்தை அலசிப் பார்த்தபோது, நோய் ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் குவிந்திருந்தது. அங்கே தீட்டிய பச்சரிசி. தெற்கே தமிழ் மாவட்டங்களில் புழுங்கல். அங்கே நோய் காணப்படவில்லை. 1940இல் ஆய்க்ராய்டும் அவரோடு வேலை பார்த்தவர்களும் வெளியிட்ட ஆய்வு இதன் காரணத்தை விளக்கியது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள பி வைட்டமின்கள் தண்ணீரில் கரைந்து மணிக்குள் இறங்குகின்றன. அவித்ததும் மாவு இறுகி அவற்றைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும், பானையில் கழுவினாலும் முழுவதும் போகாது. பச்சரிசியில் அப்படியில்லை, இரண்டு மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினால் மிச்சமிருந்த தயமினிலும் பாதிவரை கழுநீரோடு போகும், வடித்தால் கஞ்சியோடு இன்னும் கொஞ்சம் போகும். அந்தக் குன்னூர் ஆய்வுக்கூடம்தான் 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

இத்தனை ஆய்விலும் நெல்லின் ரகம் எங்கும் முதலிடத்தில் வரவில்லை. சயாமிலிருந்து வந்ததும் இந்தியாவிலிருந்து வந்ததும் அந்தக் காலத்து நாட்டு நெல்தான். கலப்பினம் பிறப்பதற்கு முந்திய உலகம் அது. நாட்டு நெல்லையே தீட்டித் தின்றவர்கள் செத்தார்கள், நாட்டு நெல்லையே புழுக்கித் தின்றவர்கள் பிழைத்தார்கள். பாரம்பரிய அரிசி பற்றிப் பேசும்போது இந்த ஒரு செய்தி எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. ரகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஆலையைப் பற்றியும் அடுப்பைப் பற்றியும் கேட்டாக வேண்டும்.

அதற்காக ரகத்துக்கு ரகம் வித்தியாசமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1990களில் தன் சேமிப்பிலிருந்து நூற்றுக்கணக்கான ரகங்களை எடுத்து, தவிடு நீக்காமல் அளந்தது. கிலோவுக்கு இரும்பு 24 மில்லிகிராம் வரை போனது, துத்தநாகம் 13.5 முதல் 58 வரை விரிந்தது. அதிக விளைச்சல் தரும் ஐ.ஆர்.64இல் இரும்பு சுமார் 12. வட இந்திய ஆழ்நீர் நெல்லான ஜல்மக்னாவில் அதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வாசனை நெல்களிலும் இரும்பு கூடுதலாகத் தென்பட்டது. வங்காளத்தின் விதான் சந்திர வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெவ்வேறு பத்தாண்டுகளில் வெளியான ரகங்களைச் சேர்த்து ஒரே சூழலில் வளர்த்துப் பார்த்தார்கள். 1960களின் ரகங்களில் கிலோவுக்குத் துத்தநாகம் 27.1, இரும்பு 59.8 மில்லிகிராம்; 2000க்குப் பிந்தியவற்றில் 20.6, 43.1. விளைச்சலை மட்டுமே குறிவைத்துத் தேர்ந்தெடுத்ததில் தாதுச்சத்து நழுவிவிட்டது என்பது அவர்கள் முடிவு. நாட்டு நெல்லைக் காப்பவர்கள் உள்ளுணர்வால் சொல்லிவந்ததற்கு இது வலுவான சான்று.

ஆனால் கவனமுள்ள வாசகர் இங்கே ஒரு முரணைப் பார்த்திருப்பார். அந்த ஆய்வில் இரும்பு கிலோவுக்கு 43 என்றால் 100 கிராமுக்கு 4.3. தேசிய நிறுவன அட்டவணையில் தவிடுள்ள அரிசிக்கே 1.02. நான்கு மடங்கு இடைவெளி! மணியின் எந்தப் பகுதியை எடுத்தார்கள், எந்த மண்ணில் வளர்த்தார்கள், எந்த முறையில் அளந்தார்கள் என்பதைப் பொறுத்து எண் இப்படித் தாவும். இரும்பை அளப்பது மிகவும் கடினம். வயல் புழுதி ஒட்டியிருந்தாலும், அரைக்கும் கருவியின் தேய்மானம் கலந்தாலும் எண் ஏறிவிடும். ஒரே ஆய்வுக்குள் இந்த ரகம் அந்த ரகத்தைவிட மேல் என்று ஒப்பிடலாம். ஓர் ஆய்வின் கவுனியை இன்னோர் ஆய்வின் பொன்னியோடு ஒப்பிட்டு ‘ஐந்து மடங்கு இரும்பு’ என்று எழுதுவது கணக்கே ஆகாது. விளம்பரங்களில் வரும் மடங்குகள் பெரும்பாலும் இப்படிப் பிறந்தவை.

மண்ணும் சேர்ந்துதான் மணியை நிறைக்கிறது. இந்திய வயல்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துத்தநாகம் குறைந்த மண். தண்ணீர் தேங்கி நிற்கும் நெல் வயலில் இருக்கிற துத்தநாகமும் வேருக்கு எட்டாமல் போகும். 1960களின் நடுவில் வட இந்தியாவின் பந்த்நகர் பகுதியில் புது நெல்கள் துருப்பிடித்ததுபோல் பழுப்பேறி வாடியபோது, அது பூச்சியோ பூஞ்சையோ அன்று, துத்தநாகக் குறைவு என்று யஷ்வந்த் நேனே கண்டுபிடித்தார். உலகில் நெல்லுக்கு வயலில் துத்தநாகக் குறைவு இனம்காணப்பட்டது அதுவே முதல் முறை. மண்ணில் இல்லாததை எந்தப் பழைய விதையாலும் உண்டாக்க முடியாது. திருத்துறைப்பூண்டிக் களிமண்ணில் விளைந்த மாப்பிள்ளைச் சம்பாவும் கோலார்ச் செம்மண்ணில் விளைந்ததும் பெயரில் ஒன்று, சத்தில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. போதாக்குறைக்கு ஒரே பெயரில் ஊருக்கு ஊர் வேறு விதை உலவுகிறது. நாட்டு நெல், புது நெல் என்ற பிரிவுகூட நாம் நினைக்கும் அளவுக்குக் கறாரானது அன்று. கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் கோணாமணி என்ற நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்து 1921இல் வெளியிட்ட ஜி.இ.பி. 24இன் வாரிசுதான் டி.கே.எம். 6, அதன் வழியாக அந்த ரத்தம் புது நெல்லான ஐ.ஆர்.20 வரை ஓடுகிறது.

நிற அரிசிக்கு வருவோம். கவுனியின் கறுப்பு ஆந்தோசயனின் என்ற நிறமி. நாவல் பழத்தின் நிறமும் அந்தக் குடும்பம்தான். சிவப்பரிசியின் நிறம் டானின் வகை. இவை வைட்டமினும் இல்லை, தாதுவும் இல்லை. உடலுக்கு வேறு வகையில் நல்லது செய்யக்கூடியவை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சமைக்கும் சூட்டில் ஒரு பங்கு அழியும். சிக்கல் என்னவென்றால் டானின்கள் குடலில் இரும்பைப் பற்றிக்கொண்டு உடம்புக்குள் போகவிடாது. தவிட்டில் நிறைந்துள்ள ஃபைட்டிக் அமிலமும் இரும்பு, துத்தநாகம் இரண்டையும் அப்படியே கட்டிப்போடும். ஆகத் தவிட்டரிசியில் கூடுதலாக இருக்கிற ஒரு மில்லிகிராமிலும் பெரும்பகுதி வெளியேறிவிடும். ரத்தசோகைக்குச் சிவப்பரிசியை மருந்தாகச் சொல்லக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். மலச்சிக்கலுக்கும், பி வைட்டமினுக்கும், மக்னீசியத்துக்கும் அதைத் தாராளமாகச் சொல்லலாம்.

ஊறவைத்தாலும், முளைகட்டினாலும், புளிக்கவிட்டாலும் ஃபைட்டிக் அமிலம் குறையும். பழைய சோற்றின் பெருமை இங்கேதான் வருகிறது. ஆனால் அதைப் பற்றி ஊரெல்லாம் சுற்றும் ஒரு செய்தியை நிறுத்த வேண்டும்: 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருந்த இரும்பு 12 மணி நேரம் தண்ணீரில் ஊறினால் 73.91 மில்லிகிராம் ஆகிவிடும் என்பது. இரும்பு ஒரு தனிமம். எந்த நுண்ணுயிரும் அதை உண்டாக்காது. பானையிலிருந்தோ தண்ணீரிலிருந்தோ வந்தாலொழியச் சோற்றில் இருந்ததுதான் இருக்கும். மாறுவது, அதில் எவ்வளவு உடம்பில் சேரும் என்பது மட்டுமே. சில பி வைட்டமின்களை நுண்ணுயிர்கள் உண்டாக்கலாம். புளிப்பு இரும்பைக் கரைத்துக் கொடுக்கலாம். இதுவே நல்ல விஷயம். 73.91 என்று தசமப் புள்ளி வைத்துச் சொன்னால் உண்மையாகிவிடாது.

இன்னொரு பக்கம் அரசாங்கம் வேறு வழியில் போனது. 2021 சுதந்திர தினத்தன்று அறிவித்தபடி ரேஷன் கடைகளிலும் பள்ளிச் சத்துணவிலும் செறிவூட்டிய அரிசி வந்தது. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து மணிபோல வார்த்து, நூற்றுக்கு ஒன்று என்று சாதா அரிசியில் கலந்தார்கள். கிலோவுக்கு இரும்பு 28 முதல் 42.5 மில்லிகிராம் என்பது விதி. இந்த மணிகள் சற்று மங்கலாக, வேறு வடிவில் இருப்பதால் பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கி எறிந்தவர்கள் பலர். அப்படிப்பட்ட அரிசி வந்தால் எறிய வேண்டாம். அதில்தான் இரும்பு இருக்கிறது. தலசீமியா உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதைவிட எனக்குப் பிடித்த வழி, சத்துள்ள ரகத்தையே வளர்ப்பது. ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனம் 2016இல் வெளியிட்ட டி.ஆர்.ஆர். தான் 45 ரகத்தில் தீட்டிய பிறகும் கிலோவுக்கு 22.6 மில்லிகிராம் துத்தநாகம் நிற்கிறது. இப்படிப்பட்ட ரகங்களை உருவாக்க வேண்டுமானால், அதிகத் துத்தநாகம் கொண்ட நாட்டு நெல்கள் யாரோ ஒருவர் வயலில் உயிரோடு இருக்க வேண்டும். மண்டியா மாவட்டம் கிருகாவலுவில் ஓர் உழவர் குடும்பம் தன் நிலத்தில் நூற்றுக்கணக்கான நெல் வகைகளை வளர்த்துவருவதன் பெருமை, இன்று அவற்றைத் தின்று கிடைக்கும் சத்தைவிட இதில்தான் அதிகம்.

தங்கவயலுக்குத் திரும்பினால், தாதுச்சத்துக் கேள்விக்கு இந்த மண்ணிலேயே பதில் விளைகிறது. 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்பு 364 மில்லிகிராம், இரும்பு 4.6, துத்தநாகம் 2.5, ஃபோலேட் அரிசியில் உள்ளதைப்போல் ஏறக்குறைய மூன்றரை மடங்கு. எந்தக் கவுனியும் எந்தக் காட்டுயானமும் சுண்ணாம்பில் இதன் பக்கத்தில் வர முடியாது. கேழ்வரகிலும் ஃபைட்டிக் அமிலமும் டானினும் உண்டு. ஆனாலும் இருப்பே அதிகம் என்பதால் கிடைப்பதும் அதிகம். தென் கர்நாடக ரேஷனில் கேழ்வரகும் கொடுக்கிறார்கள். அதை விற்றுவிடாமல் வாரத்தில் நான்கு நாள் களி கிண்டினால், விலையுயர்ந்த அரிசி வாங்கிப் பெறுவதைவிட அதிகம் பெறலாம். முருங்கைக்கீரையில் 100 கிராமுக்கு இரும்பு 4.6, சுண்ணாம்பு 314, அத்தோடு நூறு மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி. களிக்குக் கீரைக் கடைசலும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்தால் இரும்பு உடம்பில் ஏறும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் ஏறுவது குறையும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். மாட்டுக்கறியும் ஈரலும் சாப்பிடும் வீடுகளில் அவற்றிலிருந்து கிடைக்கும் இரும்பு எளிதாக உடம்பில் சேரும். அதை வெட்கப்பட்டு விட்டுவிட வேண்டாம். சுரங்கத்தில் உழைத்த தலைமுறை அதைச் சாப்பிட்டுத்தான் நின்றது.

அரிசியில் என்ன செய்யலாம்? புழுங்கலை விட்டுவிடாதீர்கள். பாரம்பரிய அரிசி வாங்க முடிந்தால் தவிட்டோடு, சிறு அளவில் வாங்குங்கள்; தவிட்டிலுள்ள எண்ணெய் சில வாரங்களில் காறல் வாசம் அடிக்கத் தொடங்கும். இரவே ஊறவைத்து, அளவுத் தண்ணீரில் குக்கரில் வையுங்கள். வடித்தால் கஞ்சியைக் கொட்டாதீர்கள். இதற்குமேல் வீட்டில் செய்யக்கூடியது குறைவு.

மீதி பொதுவில் செய்ய வேண்டியது. அதற்குக் காரணம் இங்குள்ள நீரும் மண்ணும். கோலார் மாவட்ட ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு மிகுந்திருப்பது தெரிந்த விஷயம். 2018 முதல் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் இந்த மாவட்டத்து ஏரிகளை நிரப்புகிறது. தங்கவயலில் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளிலிருந்து கோடைக் காற்றில் மண் பறக்கிறது. நெற்பயிர், நல்ல தாதுக்களை எடுப்பதுபோலவே ஆர்சனிக்கையும் காட்மியத்தையும் எடுக்கக்கூடியது. ஆர்சனிக் தவிட்டில்தான் கூடுதலாகச் சேரும். தவிட்டோடு சாப்பிடுங்கள் என்று சொல்லும் நாம், இந்த ஏரிகளுக்குக் கீழே விளையும் நெல்லில் என்னென்ன இருக்கிறது என்று அளந்து சொல்லவும் கடமைப்பட்டவர்கள். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. பேத்தமங்கலம் ஏரி, ராமசாகர் ஏரிப் பாசனத்தில் விளையும் நெல்லையும், பக்கத்து மேட்டு நிலத்துக் கேழ்வரகையும் தை அறுவடையில் மாதிரி எடுத்து, தவிட்டோடும் தவிடில்லாமலும் இரும்பு, துத்தநாகம், ஆர்சனிக், காட்மியம் அளக்கச் சொல்லி நகரசபையும் மாவட்ட வேளாண் துறையும் எழுத்தில் கேட்க வேண்டும். பாரம்பரிய அரிசி விற்பவர்களும் பையின் மேல் நோய்களின் பெயருக்குப் பதிலாக நான்கு விவரங்களை அச்சிடட்டும்: விளைந்த ஊர், அறுவடை மாதம், அரைத்த தேதி, எவ்வளவு தவிடு நீக்கியது.